டெர்மினல் அமர்வு தாமதமாகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மணலி, மாதவரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்துக் கிடங்குகளிலும் கண்டெய்னர் யார்டுகளிலும், பாரிமுனைச் சந்துகளில் உள்ள கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களிலும், எழுத்துத் திரையில் ஓடும் டெர்மினல் புரோகிராம்கள் இன்னும் அன்றாட வேலையைச் சுமந்துகொண்டிருக்கின்றன. கேட்டில் லாரி எண்ணைப் பதிபவர், எடை மேடையில் உட்கார்ந்திருப்பவர், யார்டுக்குள் ஸ்கேனர் கன்னோடு நடப்பவர் ஆகிய மூவரும் டெல்நெட் அல்லது எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் இரு இணைப்பு முறைகள்) வழியாக ஒரே சர்வரைத்தான் தொடுகிறார்கள். அந்தச் சர்வர் பக்கத்து அறையிலும் இருக்கலாம், மும்பை டேட்டா சென்டரிலும் இருக்கலாம். கோளாறு வந்தால் மூவரிடமிருந்தும் வரும் புகார் ஒன்றே: "சார், ஸ்லோவா இருக்குது."

அந்த ஒரு வாக்கியத்துக்குள் காரணமும் செலவும் வெவ்வேறான பல கோளாறுகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் சர்வரை மாற்றுவதும், சர்வர் வந்த பிறகு வைஃபைதான் காரணம் என்று தெரியவருவதும் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கின்றன. காத்திருக்கும் மனிதரின் இருக்கையிலிருந்து நேரத்தை அளந்து பார்க்காதவரை எந்தப் பொருளையும் மாற்றக் கூடாது என்பதையே கீழே உள்ள ஒவ்வொரு பகுதியிலும் வலியுறுத்தியிருக்கிறேன்.

## எல்லா அறிகுறிகளுக்கும் முன்: அளவியைப் பொருத்துதல்

அளக்க வேண்டிய நேரங்கள் மூன்று. இணைப்பைத் தொடங்கியதிலிருந்து முதல் திரை வரும்வரை ஆகும் உள்நுழைவு நேரம் முதலாவது. ஓர் எழுத்தைத் தட்டியதிலிருந்து அது திரையில் தோன்றும்வரை ஆகும் எழுத்து நேரம் இரண்டாவது. என்டர் தட்டியதிலிருந்து அடுத்த திரை முழுமையாக வரும்வரை ஆகும் திரை நேரம் மூன்றாவது. இந்த மூன்றில் எது நீண்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

இதற்கு ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு சிறு கணினி போதும். அளவி என்று நான் சொல்வது இதைத்தான். அதைச் சர்வர் அறையில் வைத்தால் பயன் இல்லை. புகார் வரும் இடத்தில், புகார் தருபவர் பயன்படுத்தும் அதே வைஃபை அல்லது அதே சுவிட்சில் இணைத்து வைக்க வேண்டும். மனிதர் தட்டுவதுபோல் டெர்மினலைத் தானாக இயக்கும் எக்ஸ்பெக்ட் போன்ற கருவியில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி, உள்நுழையவும், ஓர் எழுத்தை அனுப்பி அது திரும்பி வருவதைக் கவனித்து அழிக்கவும், எதையும் மாற்றாத ஒரு விசாரணைத் திரையைத் திறக்கவும், வெளியேறவும் செய்யுங்கள். திரை வந்துவிட்டது என்பதற்கு அந்தத் திரையின் கடைசி வரியில் உள்ள ஒரு சொல்லை அடையாளமாக வையுங்கள். சர்வரிலிருந்து வரும் முதல் பைட்டை அடையாளமாகக் கொண்டால், தலைப்பு மட்டும் உடனே வந்து விவரம் பத்து நொடி கழித்து வரும் திரையும் விரைவானதாகவே பதிவாகும்.

இந்த வேலைக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதற்குப் பார்க்கும் உரிமையை மட்டும் கொடுங்கள். டெல்நெட்டில் கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமல் போகும் என்பதால், சர்வர் எஸ்எஸ்ஹெச்சை ஏற்குமானால் அளவி அதையே பயன்படுத்தட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் பெரும்பாலான இடங்களுக்குப் போதுமானது. அதே நேரத்தில் உள்ளூர் ரூட்டருக்கும் சர்வருக்கும் தனித்தனியே பிங் (போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்பி, அந்த எண்களையும் அதே வரியில் பதிந்து வையுங்கள். பின்னர் கோளாறு நெட்வொர்க்கிலா சர்வரிலா என்று வாதம் வரும்போது அந்த ஒரு வரியே தீர்ப்பாக அமையும்.

பதிவுகளைச் சராசரியாக்கிப் பார்க்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். நூறு அளவுகளில் 95 அளவுகள் 0.3 நொடியிலும் மீதி 5 அளவுகள் 12 நொடியிலும் வந்தால் சராசரி 0.9 நொடிக்கும் குறைவு. அறிக்கையில் எல்லாம் நலம் என்றே தெரியும். ஆனால் 12 நொடி காத்திருந்தவருக்குப் பின்னால் டிரெய்லர்கள் வரிசையாக நின்றிருக்கும். ஆகவே 1 நொடிக்குள், 1 முதல் 2, 2 முதல் 5, 5 முதல் 10, 10 நொடிக்கு மேல் என ஐந்து தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை அளவுகள் விழுந்தன என்று எண்ணுங்கள். மெயின்ஃபிரேம் எனும் பெரிய கணினிகளுக்கு டெர்மினல்களை இணைக்கும் டிஎன்3270 சர்வரில் மறுமொழி நேரத்தைக் கண்காணிக்கும் அமைப்பும் இவ்வாறே நான்கு எல்லைகளைக் கொடுத்து ஐந்து தொகுதிகளாக எண்ணுகிறது. அங்கே வேலை பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டெர்மினலிலிருந்து உறுதிப் பதில் கேட்கப்படாத அமர்வில் நெட்வொர்க் பகுதியின் நேரத்தைத் தனியே அளக்க இயலாது, அதைக் கேட்கச் சொல்லும் தெரிவை அமைப்பில் இயக்கியிருக்க வேண்டும்.

எச்சரிக்கை எல்லையை ஒரு வாரப் பதிவு சேர்ந்த பிறகே வையுங்கள். உங்கள் யார்டில் இயல்பான நாளில் நூறில் 95 அளவுகள் எந்த நேரத்துக்குள் முடிகின்றனவோ, அதற்குச் சற்று மேலே எல்லை அமைய வேண்டும். ஒரு முறை தாண்டியதற்கே செய்தி அனுப்பினால் மூன்றாம் நாள் யாரும் அதைப் படிக்கமாட்டார்கள். தொடர்ந்து மூன்று முறை தாண்டினால் அனுப்பட்டும்.

## அறிகுறி 1: உள்நுழைய நெடுநேரம் ஆகிறது, நுழைந்த பிறகு எல்லாம் சரி

எஸ்எஸ்ஹெச் கட்டளையில் விரிவான பதிவைக் காட்டும் தெரிவைச் சேர்த்து இணைத்து, எந்த வரியில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். இந்தச் சோதனைக்குச் செலவு ஏதும் இல்லை.

### தாமதம் ஐந்தின் மடங்காக இருந்தால்

5 நொடி, 10 நொடி என்று தாமதம் ஒழுங்காக வருமானால் பெயர் தேடலைச் சந்தேகியுங்கள். லினக்ஸில் ஒரு டிஎன்எஸ் சர்வர் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் கணினி) பதில் தராவிட்டால் 5 நொடி காத்திருப்பதும், மொத்தம் 2 முறை முயல்வதும் இயல்பு அமைப்பாகும். இன்டர்நெட் நிறுவனத்தை மாற்றிய பிறகு பழைய நிறுவனத்தின் டிஎன்எஸ் முகவரி சர்வரின் அமைப்புக் கோப்பில் அப்படியே விடப்பட்டிருப்பதை நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். அதைத் திருத்துங்கள். அத்துடன், இணைக்கும் கணினியின் முகவரிக்குப் பெயர் தேடும் யூஸ்டிஎன்எஸ் தெரிவு சர்வரில் இயங்குகிறதா என்றும் பாருங்கள். ஓபன்எஸ்எஸ்ஹெச் 6.8 பதிப்பு முதல் அது இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. பழைய சர்வர்களில் நீங்களே அணைக்க வேண்டும்.

### பதிவு அடையாளச் சரிபார்ப்பில் நின்றால்

கெர்பராஸ் போன்ற மைய அடையாள அமைப்பின் வழியாக நுழையும் ஜிஎஸ்எஸ்ஏபிஐ முறையை வீணாக முயன்று தோற்ற பிறகே கடவுச்சொல்லுக்கு வருகிறதா என்று கவனியுங்கள். உங்கள் அலுவலகம் கெர்பராஸ் பயன்படுத்தவில்லை என்றால் அந்த முறையை இணைக்கும் கணினியிலேயே அணைத்துவிடலாம்.

### அடையாளம் ஏற்கப்பட்ட பிறகு நின்றால்

உள்நுழையும்போது ஓடும் வரவேற்பு ஸ்கிரிப்ட்டுகள், வேறொரு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக இணைக்கப்பட்ட ஹோம் டைரக்டரி, இயங்காமல் சிக்கிய உள்நுழைவுச் சேவை ஆகியவற்றை இந்த வரிசையில் சோதியுங்கள். கடைசியாகச் சொன்னதற்கு அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்தால் போதும். ஆனால் வாரந்தோறும் அதுவே சிக்குமானால் சர்வர் நிர்வாகியை அழையுங்கள்.

### மின்சாரம் வந்ததும் சிலருக்கு மட்டும் இணைப்பு மறுக்கப்பட்டால்

மின்சாரம் போய்த் திரும்பியதும் யார்டில் உள்ள எல்லா ஸ்கேனர்களும் ஒரே நொடியில் இணைய முயல்கின்றன. அடையாளம் இன்னும் சரிபார்க்கப்படாத இணைப்புகள் பத்தைத் தொட்டதும், புதிதாக வருபவற்றில் ஒரு பங்கை எஸ்எஸ்ஹெச் சர்வர் தற்செயலாக மறுக்கத் தொடங்கும். இது அதன் இயல்பான தற்காப்பாகும். மேக்ஸ்ஸ்டார்ட்டப்ஸ் என்ற அமைப்பில் அந்த எண்ணை உங்கள் ஸ்கேனர் எண்ணிக்கைக்கு ஏற்ப உயர்த்துங்கள். இதற்காக யாரையும் அழைக்கத் தேவையில்லை. வைஃபை அக்சஸ் பாயின்ட்டுக்கும் அதன் சுவிட்சுக்கும் ஒரு சிறு யுபிஎஸ் வைத்துவிட்டால், மெயினிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளியில் எல்லா அமர்வுகளும் ஒன்றாக அறுந்து இந்த நெரிசல் உண்டாவதே நின்றுவிடும். சர்வருக்கு மட்டும் யுபிஎஸ் வைத்திருக்கும் இடங்கள் இதைத் தவறவிடுகின்றன.

## அறிகுறி 2: தட்டிய எழுத்து திரையில் தாமதமாகத் தோன்றுகிறது

இந்த அறிகுறியில் சர்வரைத் தொடுவதற்கு அவசரப்பட வேண்டாம். எழுத்தைத் திருப்பி அனுப்புவதற்குச் சர்வருக்கு மிகச் சொற்பமான வேலையே உண்டு. தாமதம் பெரும்பாலும் வழியில்தான் இருக்கும். ஐபிஎம் கணினிகளோடு பேசும் டிஎன்3270, டிஎன்5250 வகை அமர்வுகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் எழுத்துகள் உங்கள் கணினியிலேயே திரையில் எழுதப்பட்டு, என்டர் தட்டிய பிறகே சர்வருக்குச் செல்லும். அங்கே எழுத்து தாமதமானால் கோளாறு மேஜைமேல் உள்ள கணினியில் இருக்கிறது.

### ரூட்டருக்கான பிங் நேரமே அலைபாய்ந்தால்

கோளாறு உங்கள் சுற்றுச்சுவருக்குள் இருக்கிறது என்று பொருள். சிறிது நேரம் சும்மா இருந்த ஸ்கேனரில் முதல் எழுத்து மட்டும் தாமதமாகி அடுத்தவை விரைவாக வந்தால், அதன் வைஃபை மின்சேமிப்பு முறை விழித்தெழ எடுத்துக்கொள்ளும் நேரம் அது. ஸ்கேனரின் அமைப்பில் மின்சேமிப்பைக் குறைத்துப் பாருங்கள். பேட்டரி சற்று விரைவில் தீரும் என்பதை ஷிப்ட் மேற்பார்வையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

யார்டின் குறிப்பிட்ட வரிசைகளில் மட்டும் தாமதம் வந்தால் சிக்னலைப் பாருங்கள். கண்டெய்னர் என்பது இரும்புச் சுவர். நேற்றுக் காலியாக இருந்த இடத்தில் இன்று நான்கு அடுக்கு நின்றால், நேற்று எடுத்த சிக்னல் வரைபடம் இன்று பயன்படாது. ஆகவே அக்சஸ் பாயின்ட் பொருத்தும்போது யார்டு நிரம்பியிருக்கும் நாளில் அளந்து பார்க்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்கள் மட்டுமே ஒன்றோடொன்று மோதாதவை. பக்கத்துக் கிடங்கு எதைப் பயன்படுத்துகிறது என்று பார்த்து மற்றொன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றில் பிடித்த சிக்னலை விடாமல், பக்கத்தில் வலுவான அக்சஸ் பாயின்ட் இருந்தும் அதற்கு மாறாமல் நடக்கும் ஸ்கேனர்களும் உண்டு. அவற்றின் ரோமிங் அமைப்பை மாற்றலாம். கம்பத்தில் புதிய அக்சஸ் பாயின்ட் தேவை என்ற நிலை வந்தால் வைஃபை ஆய்வு செய்பவரை அழையுங்கள். கண்டெய்னர் தூக்கும் ரீச் ஸ்டேக்கர் ஓடும் யார்டில் நீங்களே கண்டெய்னர் அடுக்கின்மேல் ஏறிக் கம்பி இழுக்கக் கூடாது.

கம்பி வழியாக இணைந்த இடத்திலும் அலைபாய்ந்தால் சுவிட்ச் போர்ட்டின் பிழை எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு முனையில் 100 எம்பிபிஎஸ் முழு இருவழி (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியும் முறை) என்று நிலையாக அமைத்து, மறுமுனையைத் தானியங்கியாக விட்டிருந்தால், மறுமுனை அரை இருவழியில் போய் அமர்ந்துவிடும். வேலை குறைவான நேரத்தில் ஒன்றும் தெரியாது, நெரிசல் நேரத்தில் எழுத்துகள் தத்தளிக்கும். இரு முனைகளையும் தானியங்கியாக்குவதே சரியான தீர்வு. பிழை எண்ணிக்கை அதன் பிறகும் ஏறினால் இணைப்பியைப் பாருங்கள். ராயபுரம், காசிமேடு, எண்ணூர் கரையோர அலுவலகங்களில் உப்புக்காற்று ஆர்ஜே45 முனைகளின் உலோகத்தைப் பச்சை பூக்க வைக்கிறது. கழற்றி மாட்டியதும் சில நாள் சரியாகி மீண்டும் கெடுவது இதன் அடையாளம். முனையை வெட்டிப் புதிதாக அடிப்பதற்குச் செலவு மிகக் குறைவு. சுவிட்சை மாற்றுவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

### ரூட்டர் பிங் சீராகவும் சர்வர் பிங் அலைபாய்ந்தும் இருந்தால்

வெளியே செல்லும் இணைப்பு நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். இந்தப் பகுதி யார்டுகளில் எனக்கு மிக அதிகமாகக் கிடைக்கும் காரணம் இதுதான்: சிசிடிவி பதிவுகள் வெளியூர்த் தலைமை அலுவலகத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும், அல்லது கேட்டில் எடுத்த கண்டெய்னர் புகைப்படங்கள் கிளவுடுக்குச் செல்லும். டெர்மினலின் சிறு பொட்டலம் (நெட்வொர்க்கில் செல்லும் தரவுத் துண்டு) அவற்றின் பின்னால், பேசின் பாலத்தில் சரக்கு லாரிகளுக்குப் பின்னால் சிக்கிய சைக்கிளைப் போல வரிசையில் நிற்கும். பாதுகாப்பு அதிகாரியின் அனுமதியோடு சிசிடிவி ரெக்கார்டரின் நெட்வொர்க் கம்பியைச் சில நிமிடம் கழற்றிவிட்டு எழுத்து நேரத்தைப் பாருங்கள். உடனே இறங்கினால் காரணம் உறுதியாகிவிட்டது. இன்னும் வேகமான இணைப்பு வாங்குவதற்கு முன், ரூட்டரில் எஸ்க்யூஎம் (வரிசை நீளாமல் பொட்டலங்களை ஒழுங்குபடுத்தும்) வசதி இருந்தால் அதை இயக்கி, ஏற்றும் வேகத்தை இணைப்பின் உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்துங்கள். அந்த வசதி இல்லாத ரூட்டரில், வீடியோ ஏற்றத்தை நள்ளிரவுக்கு மாற்றுவதே செலவில்லாத வழி.

### பிங் சீராக உயர்ந்தே இருந்தால்

அலைபாயாமல் எந்நேரமும் 25 அல்லது 30 மில்லிநொடி காட்டினால், சர்வர் மும்பையில் இருக்கும்போது அதை இயல்பு என்று ஏற்றுக்கொள்ளுங்கள். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டுத் தொலைவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. போய்த் திரும்ப 10 மில்லிநொடிக்குக் குறைய வழியே இல்லை, கேபிளும் நேர்க்கோட்டில் போவதில்லை. இருநூறுக்கு மேல் நிலையாகக் காட்டினால் வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரின் நேரத்தையும் காட்டும் எம்டிஆர் கருவியை ஓடவிட்டு, பொட்டலங்கள் வெளிநாட்டைச் சுற்றி வருகின்றனவா, விபிஎன் தேவையற்ற நகரம் வழியாகச் செல்கிறதா என்று பாருங்கள். வழித்தடத்தை உங்களால் மாற்ற முடியாது. அந்தப் பதிவோடு இன்டர்நெட் நிறுவனத்திடம் புகார் எண் வாங்குங்கள். வெளியிடத்திலிருந்து மொபைல் இணைப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு எஸ்எஸ்ஹெச்சுக்கு மோஷ் என்ற புரோகிராம் நல்ல மாற்று. அது எழுத்தை முன்கூட்டியே காட்டிவிடும். யுடிபியில் 60000 முதல் 61000 வரையிலான போர்ட்டுகளில் ஒன்றைப் பயன்படுத்துவதால் ஃபயர்வாலில் அவற்றுக்கு வழிவிட வேண்டும்.

## அறிகுறி 3: எழுத்து உடனே வருகிறது, என்டர் தட்டினால் திரை வரத் தாமதம்

அளவியின் பதிவில் பிங்கும் எழுத்து நேரமும் சீராக இருந்து திரை நேரம் மட்டும் ஏறியிருந்தால், இனி நெட்வொர்க்கைப் பற்றிப் பேச வேண்டாம். காரணம் சர்வரில் அல்லது டேட்டாபேஸில் இருக்கிறது.

### எல்லாத் திரைகளும் எல்லோருக்கும் தாமதமானால்

சர்வரில் விஎம்ஸ்டாட் கட்டளையைச் சில நொடி இடைவெளியில் ஓடவிட்டுப் பாருங்கள். நினைவகத்திலிருந்து டிஸ்குக்கும் டிஸ்கிலிருந்து நினைவகத்துக்கும் பக்கங்கள் மாறும் இரு நெடுவரிசைகளில் எண்கள் தொடர்ந்து ஓடினால் நினைவகம் போதவில்லை. டிஸ்குக்காகக் காத்திருக்கும் நெடுவரிசை உயர்ந்தால், அந்த நேரத்தில் எது டிஸ்கைப் பிடித்திருக்கிறது என்று தேடுங்கள். பேக்கப் நேரம் தவறாக அமைந்திருப்பதே முதல் சந்தேகம்: இரவு ஷிப்ட் இல்லாத காலத்தில் 10 மணிக்கு வைத்த பேக்கப், இரவிலும் கேட் திறந்திருக்கும் இன்றைய நிலையில் வரிசை நீளும் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதை நகர்த்துவதற்குச் செலவில்லை. நினைவகம் கூட்டுவது அடுத்த செலவு. டிஸ்கை எஸ்எஸ்டியாக மாற்றுவது அதற்கடுத்தது. டிஸ்கில் வாசிப்புப் பிழைகள் பதிவானால் வேறு சோதனைகளை நிறுத்திவிட்டு, பேக்கப் உண்மையிலேயே திரும்பி வருகிறதா என்று உறுதி செய்து, உடனே சர்வர் நிறுவனத்தை அழையுங்கள்.

### ஒரு திரை மட்டும் நின்று, பிறகு திடீரென எல்லோருக்கும் விடுபட்டால்

இது பூட்டுச் சிக்கல். ஒருவர் ஒரு கண்டெய்னரின் பதிவைத் திருத்தத் திறந்துவிட்டு, சேமிக்காமல் டீ குடிக்கப் போயிருப்பார். அந்தப் பதிவைத் தொடும் மற்ற எல்லோரும் அவர் திரும்பி வரும்வரை நிற்பார்கள். டேட்டாபேஸின் பூட்டுப் பட்டியலில் யார் பிடித்திருக்கிறார், எவ்வளவு நேரமாக என்பது தெரியும். ஆளைத் தொலைபேசியில் அழைத்துத் திரையை மூடச் சொல்வதே பாதுகாப்பான வழி. அமர்வை நீங்களாகக் கொன்றால் அவர் பாதி பதிந்த வேலை போய்விடும். இணைப்பு அறுந்த ஸ்கேனரின் செத்த அமர்வு பூட்டைப் பிடித்திருப்பதும் உண்டு. அதற்கு அறிகுறி 4-இல் உள்ள தீர்வு பொருந்தும். வாரத்தில் பலமுறை நிகழ்ந்தால், திருத்தும் திரை திறந்ததுமே பூட்டாமல் சேமிக்கும் தருணத்தில் மட்டும் பூட்டுமாறு புரோகிராமை மாற்றச் சொல்லி மென்பொருள் நிறுவனத்தை அழைக்க வேண்டும்.

### மாதத்துக்கு மாதம் சிறிது சிறிதாகத் தாமதம் ஏறினால்

டேட்டாபேஸ் அட்டவணை வளர்ந்திருக்கிறது, அதற்கேற்ற இன்டெக்ஸ் (பதிவை விரைவாகக் கண்டுபிடிக்க உதவும் தேடல் பட்டியல்) இல்லை. இதை உறுதிசெய்யப் பல மாதப் பதிவுகள் வேண்டும். அளவியின் கோப்புகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகவே. இன்டெக்ஸ் சேர்ப்பது டேட்டாபேஸ் நிர்வாகியின் வேலை. வேலை நேரத்தில் நீங்களே முயன்றால் அட்டவணை முழுவதும் பூட்டப்பட்டு, கேட் நின்றுவிடக்கூடும்.

## அறிகுறி 4: திரை உறைந்துவிடுகிறது அல்லது அமர்வு அறுந்துவிடுகிறது

முதலில் கன்ட்ரோல் விசையோடு க்யூ தட்டுங்கள். கன்ட்ரோலும் எஸ்ஸும் தவறுதலாக அழுத்தப்பட்டிருந்தால் டெர்மினல் வெளியீட்டை நிறுத்தி வைக்கும். க்யூ அதை விடுவிக்கும். விண்டோஸ் பழக்கத்தில் சேமிப்பதற்காக எஸ் தட்டும் புதியவர்களிடம் இது மிகச் சாதாரணம்.

### சிறிது நேரம் சும்மா விட்டால் மட்டும் உறைந்தால்

வழியில் உள்ள ரூட்டரோ ஃபயர்வாலோ மொபைல் நிறுவனமோ, பேச்சற்ற இணைப்பை மறந்துவிடுகிறது. லினக்ஸின் டிசிபி தன்னியல்பில் 2 மணி நேரம் கழித்தே இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று கேட்கும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எஸ்எஸ்ஹெச் இணைப்பில் சர்வர்அலைவ்இன்டர்வெல் என்ற அமைப்பை 60 நொடியாக வையுங்கள். சர்வர் பக்கத்தில் கிளையன்ட்அலைவ்இன்டர்வெல்லையும் அவ்வாறே வைத்தால், செத்த அமர்வுகள் சில நிமிடங்களில் தாமாகவே நீங்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் சரியாக அதே நிமிடத்தில், செய்தியோடு வெளியேற்றினால் அது நெட்வொர்க் அன்று. ஷெல்லின் டிஎம்அவுட் அமைப்பை யாரோ பாதுகாப்புக்காக வைத்திருக்கிறார்கள். வைத்தவரைக் கேட்காமல் அதை நீக்க வேண்டாம்.

### சிறு திரைகள் வந்து, நீண்ட பட்டியல் கேட்டதும் உறைந்தால்

பொட்டல அளவுச் சிக்கல். துண்டாக்காமல் அனுப்பும் தெரிவோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். போகாமல் 1464 மட்டும் போனால் வழியில் பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல்லோடு நுழையும் பிராட்பேண்ட் முறை) இணைப்பு இருக்கிறது, அதன் எல்லை தலைப்புக்கான 28 பைட்டையும் சேர்த்து 1492. விபிஎன் இருந்தால் இன்னும் குறையும். ரூட்டரில் பொட்டல அளவைத் தானாகக் குறைக்கும் எம்எஸ்எஸ் கிளாம்ப் வசதியை இயக்கினால் தீர்ந்துவிடும்.

### மழை நாளில் அறுந்தால்

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்தப் புகார் கூடும். தெருப் பெட்டியில் நீர் இறங்குவதும், சாலை தோண்டும் இடங்களில் கேபிள் அடிபடுவதும் உங்கள் கையில் இல்லை. நீங்கள் பார்க்கக்கூடியது ஃபைபர் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் உள்ள ஒளி அளவு மட்டுமே. பொதுவான ஜிபான் வகை ஃபைபர் இணைப்பில் அது மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே சரிந்தால் இணைப்பு நிலைக்காது. வெயில் நாளின் அளவையும் மழை நாளின் அளவையும் குறித்து வைத்து இன்டர்நெட் நிறுவனத்திடம் கொடுத்தால், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்ற பதிலைத் தாண்டிப் பேச முடியும். ஃபைபர் முனையைக் கழற்றிக் கண்ணால் பார்க்கக் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கேடு செய்யும். வெள்ளம் புகுந்த தரைத்தளத்தில் சுவிட்சையோ யுபிஎஸ்ஸையோ தொடுவதற்கு முன் எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கட்டும்.

## அறிகுறி 5: அளவி எல்லாம் நலம் என்கிறது, ஆட்கள் ஸ்லோ என்கிறார்கள்

இப்படி வரும்போது ஆட்களை நம்புங்கள், அளவியைச் சந்தேகியுங்கள். வேலை செய்பவரின் பொறுமையின்மை என்று புகாரை ஒதுக்கிவிடும் மேலாளர்கள், கோளாறை மாதக்கணக்கில் நீட்டிக்கிறார்கள்.

### அளவி தவறான இடத்தில் அமர்ந்திருந்தால்

அலுவலக அறையில் கம்பியோடு இணைந்த அளவிக்கு, ஏழாம் வரிசையில் வைஃபையில் தவிக்கும் ஸ்கேனரின் நிலை தெரியாது. ஒரு வேலை நாள் அதை அந்த வரிசைக்கு அருகே வையுங்கள்.

### அளவி தவறான திரையை அளந்தால்

அது திறக்கும் விசாரணைத் திரை ஒரே கண்டெய்னர் எண்ணை எப்போதும் கேட்டால், சர்வரின் நினைவகத்தில் விடை தயாராக இருக்கும். எப்போதும் நொடிக்குள் வரும். எண்களின் பட்டியல் ஒன்று கொடுத்து மாற்றி மாற்றிக் கேட்கச் செய்யுங்கள். ஆட்கள் எந்தத் திரையில் காத்திருக்கிறார்கள் என்று அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்து, அதையே அளவிக்கும் கொடுங்கள்.

### பதிவில் நேரம் பொருந்தாவிட்டால்

ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் இல்லை. மின்வெட்டுக்குப் பிறகு என்டிபி (நெட்வொர்க்கில் கடிகாரத்தை ஒத்திசைக்கும் முறை) வழியாக நேரம் கிடைக்கும்வரை அது பழைய நேரத்தையே பதியும். கேட்டில் மாலை 6 மணிக்கு வந்த புகாரைப் பதிவில் தேடினால் வேறொரு மணிக்கான வரி கிடைக்கும். நேரம் ஒத்திசைந்த பிறகே அளக்கத் தொடங்குமாறு ஸ்கிரிப்ட்டை அமையுங்கள்.

### அளவியே தடுக்கப்பட்டிருந்தால்

கடவுச்சொல் காலாவதியாகி, அளவி திரும்பத் திரும்பத் தோற்று, ஃபெயில்2பேன் என்ற தடுப்பு மென்பொருள் அதன் முகவரியை அடைத்திருக்கும். தோல்வியைச் சுழியம் நொடி என்று பதியும் ஸ்கிரிப்ட் இருந்தால் வரைபடம் மிக அழகாகத் தெரியும். தோல்வியைத் தனிக் குறியோடு பதியச் செய்து, ஒரு மணி நேரமாக எந்தப் பதிவும் வரவில்லை என்பதற்கும் ஓர் எச்சரிக்கை வையுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் அளவும் புகாரும் பொருந்தாவிட்டால், நெட்வொர்க் பொறியாளரை அழைத்து, ஒரு ஸ்கேனரின் இணைப்பைச் சுவிட்சிலும் சர்வரிலும் ஒரே நேரத்தில் பொட்டலம் பொட்டலமாகப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். அவர் வரும்போது புகார் வந்த நாள், மணி, வரிசை எண், ஸ்கேனரின் எண், அந்த நேரத்தில் அளவி காட்டிய மூன்று நேரங்கள் ஆகியவை ஒரு தாளில் எழுதித் தயாராக இருந்தால், அவர் முதல் நாளை விசாரிப்பதிலேயே செலவிட வேண்டியிருக்காது.